ஒரே கம்பி

அந்தக் கோதுமைச் சமவெளியில் பத்துப் பண்ணைக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. யாருக்கு மணி அடித்தாலும் எல்லாரும் எடுத்து மூச்சை அடக்கி ஒட்டுக்கேட்பார்கள். ஆள் கூடக்கூடக் குரல் தேயும். கிழவர் குன்னாரும் அப்படி வாய் திறக்காமல் கேட்டவர்தான். பனி உருகத் தொடங்கிய அன்று மணி அவருக்கே அடித்தது. பட்டணத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து மகன்.

“விதைப்புக்கு வருவியா, இல்ல நிலத்த வித்துரவா? ஒண்ணச் சொல்லுடா!”

கம்பி நெடுக டக், டக்கென்று ஆட்கள் சேர்ந்தார்கள். மகனின் பதில் ஒரு வார்த்தையும் பிடிபடாமல் தேய்ந்து, பட்டணத்து இணைப்பு அறுந்தது.

“வைங்கடா, திருட்டுக் காதுகளா!” என்று கத்தியவர் சட்டென்று குரலை இறக்கினார். “ஹெல்கா, உன் வீட்டுக் கடிகாரம் எனக்குக் கேக்குது. பட்டணத்துக்குக் கிட்ட இருக்கிறது உன் பண்ணைதான், உனக்குத் தெளிவா விழுந்திருக்கும். என்னம்மா சொன்னான்?”

யாரோ பேசும் குழலைக் கையால் பொத்தியதுபோலக் கடிகாரச் சத்தம் நின்றது.