காதுக்குள் ஒரு சுவிட்ச்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். ஆனால் கொதிக்கிற கதை, பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கொட்டகையில் மைக் செட்காரன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்.

ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள். வாடகைக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொன்றையும் அலறவிட்டுப் பார்த்துத்தான் அடுக்குவான். "ஹலோ, செக், செக்" என்று அவன் செருமினால் தறிக்காரர் வீட்டு ஜன்னல் அதிரும்.

தறிக்காரர் என்பது பழைய பெயர். தறி போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. அதன் இரைச்சல் தின்றதுபோக மிஞ்சிய காதில்தான் இப்போது மெஷின் மாட்டியிருக்கிறார்.

மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. கிசுகிசுப்பையும் தூக்கிக் கொடுக்கும், இடியையும் தூக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு "செக்"கும் அவர் மண்டைக்குள் ஆணி அடித்தது.

கழற்றி வைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதானே என்று பால்காரர் சொல்லிப் பார்த்தார். எதிர்வீட்டு அக்காவும் சொன்னாள்.

அவர் கழற்றவில்லை. தூங்கும்போதும் கழற்றுவதில்லை. காது மடலில் புண் வந்தும் கழற்றவில்லை.

கிழவருக்கு வீம்பு என்றது தெரு.

இன்று அவரால் பொறுக்க முடியவில்லை. செருப்புகூட மாட்டாமல் விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய் நின்றார்.

"எத்தனை தடவைடா சொல்றது? உனக்குக் காது இருக்கா, இல்லையா?"

மைக் செட்காரன் ஒரு பெட்டியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். பதிலை மைக்கிலேயே சொன்னான்.

"பெரியவரே, காதுல சுவிட்ச் வச்சிருக்கிற ஒரே ஆள் இந்தத் தெருவுல நீங்கதான். அணைச்சுட்டு ராஜா மாதிரி படுங்க. எங்களுக்கு ஏது அந்தக் குடுப்பினை?"

தெரு முழுக்கக் கேட்டது. பெட்டி தூக்குகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கழற்றாததன் காரணம் தறிக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வாயடைத்துப் போவான்தான். பிறகு பாவப்படுவான். அந்தப் பரிதாபத்தை நினைக்கையில் இன்னும் எரிந்தது.

தரையில் ஓடிய வயரைப் பிடித்துக்கொண்டே போனார். சுவரில் இருந்த பிளக்கை ஒரே இழுப்பில் பிடுங்கினார்.

"யோவ், பெட்டி புகைஞ்சா உன் அப்பனா வந்து..." என்று துள்ளி எழுந்த மைக் செட்காரன் பாதியில் நிறுத்தினான்.

அவனுக்கும் கேட்டுவிட்டது.

டங். டங். டங்.

சுவருக்கு அந்தப் பக்கம். தறிக்காரர் வீட்டுக்குள்.

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கிழவர் ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கட்டிலின் விளிம்பில் பாதி சரிந்து கிடந்தாள். ஒரு கால் தரையைத் தேடித் தொங்கியது. அசைகிற ஒரே கையால் தலைமாட்டு டம்ளரை ஸ்பூனால் அடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

அவர் அள்ளித் தூக்கி, தலையணையில் சாய்த்தார்.

அவள் நிறுத்தவில்லை. அவர் முகத்துக்கு நேரே, கண்ணைப் பார்த்துக்கொண்டே, டங், டங், டங் என்று அடித்தாள்.

பேச்சு இருந்த காலமெல்லாம் அந்த மெஷினை வாங்கச் சொல்லிக் கெஞ்சியவள் அவள்தான். "உன் தொணதொணப்பைக் கேக்க மெஷின் வேறயா" என்று அப்போதெல்லாம் அவர் சிரித்திருந்தார். பக்கவாதம் அவள் வாயைக் கட்டிப்போட்ட பிறகுதான் போய் வாங்கினார்.

குனிந்து, மெஷின் மாட்டிய காதை டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அவள் ஓயும்வரை எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் காதில் விழட்டும், கண்ணுகளா. வாய் இருக்கும்போதே விழட்டும். நன்றாக இருங்கள்.