முன்பின் தெரியாதவர்கள்

வலது காலைத் தூக்க வேண்டும் என்று டெமோக்காரர் நினைத்தார். கால் தூக்கிக்கொண்டது.

தூக்கியது அவரா, மெஷினா? அது தெரியாமல்தான் மனிதர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

வணிக வளாகத்தின் தரைத்தளத்தில், எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில், நீலக் கம்பளம் விரித்திருந்தார்கள். பக்கவாதம் வந்தவர்களை நடக்கவைக்கும் ரோபோ சட்டகத்தை ஜனங்களுக்குக் காட்டும் நிகழ்ச்சி. இடுப்பிலிருந்து பாதம் வரை கம்பிகள், முட்டியில் மோட்டார், முதுகில் பேட்டரி. நடுவில் டெமோக்காரர்.

ஒரு காலத்தில் வாஷிங்மெஷினை வாய் ஓயாமல் பேசி விற்றவர். ஷோரூமில் அவருக்கு வைத்த பெயரே டெமோக்காரர்தான். இப்போது பேசினால் நாக்கு குழறுகிறது. அவருக்கும் சேர்த்துப் பேச, டை கட்டிய கம்பெனி ஆள் ஒருவன் மைக்கோடு நின்றான்.

சுமார்தான். மூச்சுவிடாமல் கொட்டுகிறான். ஜனங்கள் வாயைப் பிளப்பதற்கு நடுவில் கொஞ்சம் இடம் விட வேண்டாமா?

நடக்கிறது நானா, மெஷினா என்று டெமோக்காரர் கேட்காத ஆள் இல்லை. நீங்கள்தான் என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். அப்படிச் சொல்வது அவள் வேலை. நீங்கள்தான் என்றாள் மனைவி. பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள்? வீட்டில் சட்டகம் இல்லாமல் எழுந்து நின்றால் அதே கால் மூட்டை மாதிரி தரையோடு இழுபடுகிறது.

முன்பின் தெரியாதவர்கள் சொல்ல வேண்டும். அவர் மனசைக் குளிரவைக்க அவர்களுக்கு ஒரு அவசியமும் கிடையாது. அதற்காகத்தான், காட்சிப்பொருளாக நிற்க உடம்பு கூசினாலும், இந்த நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டார். வேறு எதில் ஏமாந்தாலும் கூட்டத்தைப் படிப்பதில் அவர் ஏமாந்தது கிடையாது. நடப்பது மெஷின்தான் என்று ஆகிவிட்டால் நாளையிலிருந்து பயிற்சிக்கு முழுக்கு. இதை மனைவியிடம் கறாராகச் சொல்லியும் விட்டார்.

நடந்தார்.

ஒரு குழந்தை ரோபோ ரோபோ என்று கத்திவிட்டு அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஒருவர், பேட்டரி தீர்ந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதானா என்று விசாரித்தார். ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள். தூக்கிப் பிடித்த செல்போன்கள் எல்லாம் அவருடைய முட்டியையே படம் பிடித்தன. முகத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

முன்வரிசையில் தொப்பி போட்ட ஒருவர், இதை மாட்டிப் பட்டனைத் தட்டினால் பிணம்கூட நடக்கும் என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

டெமோக்காரருக்கு விளங்கிவிட்டது. ஆக, மெஷின்தான். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வியர்வை சிந்தியதெல்லாம் வெறும் கூத்து. கம்பளம் முடிகிற இடத்தில் திரும்பி நடக்க வேண்டும். திரும்பவே வேண்டாம், இங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் ஓங்கி வந்தது.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, இதுல மெஷின் எங்கங்க நடக்குது? அவருல்ல நடக்கறாரு!"

வளாகத்து ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டுச் சத்தத்தில் குரல் யாருடையது என்று அவர் காதில் ஏறவில்லை. சொன்னது மட்டும் ஏறியது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கூட்டம் இப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அட, ஆமாம் என்றது. முதலில் கைதட்டியவர் தொப்பிக்காரர். அந்தக் கைதட்டலில் டெமோக்காரர் திரும்பினார். வலது கால் சொன்னபடி கேட்டது. அவர் கால். சத்தியமாக அவருடைய கால்தான்!

கண் கலங்கிவிட்டது. அந்தப் புண்ணியவதி யாரென்று பார்த்து, குழறினாலும் பரவாயில்லை, நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும்.

தேடினார்.

தூண் ஓரமாக, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கடைப் பையோடு நின்றிருந்தாள். நீங்கள் தடுமாறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, காரிலேயே இருக்கிறேன் என்று காலையில் சொன்ன அவர் மனைவி.

கம்பெனி ஆள் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்ததும் அவர் கண்ணில் பட்டது. பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊரே கூடி ஏமாற்றியிருந்தாலும் தாங்கியிருப்பார். இவளா? ஒரு வார்த்தையை உண்மையாகக் கேட்பதற்காகத்தானே இத்தனை பேர் நடுவில் வந்து நின்றார். அதையும் இவளே கொண்டுவந்து போட்டுவிட்டாளே.

கத்த வாயெடுத்தார். நாக்கு எழும்பவில்லை. வெறித்து அவளையே பார்த்தார். ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தால் போதும், துரோகி என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

அவள் மோட்டாரைப் பார்த்தாள். பேட்டரியைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைத் தொட்டு ஏதோ அதிசயப்பட்டாள். அவர் முகத்துப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

கல்யாணமான புதிதில் அவருடைய வாஷிங்மெஷின் டெமோ நடக்கும் இடங்களிலெல்லாம், கூட்டத்தோடு கூட்டமாக நின்று முதல் கேள்வியைக் கேட்டவள் அவள்தான். எவ்வளவு வேண்டுமானாலும் வியந்துகொள், என் முகத்தை மட்டும் பார்த்துவிடாதே என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.