ஒரு துண்டு மாம்பழம்

“ஒரே ஒரு துண்டு மாம்பழம், டாக்டர். அதுவும் போன வாரம்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும். அதற்குத்தான் அந்தச் சொட்டு மருந்து. வயிற்றில் நல்ல கிருமிகள் வளருமாம். ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் காலையில் ஐந்து சொட்டு. அவளே தன் கையால் கொடுத்துவந்தாள்.

அழுகை குறையவில்லை.

குறையாததற்குக் காரணம் அவள் வாய்தான். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

கத்தரிக்காயை விட்டாள். உருளைக்கிழங்கை விட்டாள். பருப்பை, பாலை, உயிரான காப்பியைக்கூட விட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு மிளகு ரசமும் சுட்ட பூண்டும் போதாதா என்றார் மாமியார். மாமியார் மட்டும் சொல்லியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள்.

சொன்னது டாக்டர்.

சென்ற முறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். கணவன்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துபோனான். “நீ வாயைக் கட்டலைன்னா இந்த மருந்து வேலை செய்யாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றான்.

நம்பினாள். பின்கட்டுக் குழாயடியில் ஒளிந்து தின்ற அந்த ஒரு துண்டுக்காக, அன்று சாயங்காலம் குழந்தையோடு சேர்ந்து தானும் அழுதாள். உள்ளே வளர்ந்த நல்ல கிருமிகளையெல்லாம் தானே கொன்றுவிட்டதாக நினைத்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார்.

“மாம்பழம் திங்கக்கூடாதுன்னு யாரும்மா சொன்னது? பையன் அழறதுக்கும் உங்க சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் நல்லா சாப்பிடட்டும்னு அன்னைக்கே இவர்கிட்ட சொன்னேனே. மருந்து சில குழந்தைக்குக் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. கொஞ்ச நாள்ல தானா சரியாயிரும்.”

அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவனைப் பார்த்தாள்.

அவன் மருந்துப் புட்டியின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தான்.

வண்டியில் வரும்போது வாயைத் திறந்தான். “அம்மாவும் நீயும் சோத்துக்குச் சண்டை போட்டுட்டே இருந்தீங்க. டாக்டர் பேரைச் சொன்னா அடங்கிரும்னுதான்...”

அடங்கித்தான் போயிருந்தது. அவள் உடம்பும் பாதியாக அடங்கிப் போயிருந்தது.

ஆத்திரத்தில் அழக்கூட முடியவில்லை. பெற்ற பிள்ளையை நீயேதான் நோகடிக்கிறாய் என்று இத்தனை நாள் அவளை நம்பவைத்தவன், அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, பள்ளம் மேடு பார்த்துப் பதமாக வண்டி ஓட்டினான்.

வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டார். “டாக்டர் என்ன சொன்னாரு சாமி?”

அவன் சொல்லட்டும் என்று அவள் நின்றாள்.

“அதே மருந்தைக் குடுக்கச் சொன்னாரும்மா” என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான்.

குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். மற்றவர்களுக்காக வைத்திருந்த கத்தரிக்காய்க் குழம்பைச் சோற்றில் ஊற்றி எடுத்துக்கொண்டு, கூடத்தில் அவர்கள் இருவருக்கும் எதிரே உட்கார்ந்தாள்.

முதல் கவளம் இறங்கியது. உப்பும் புளியும் எவ்வளவு ருசி என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

தொட்டிலில் குழந்தை வீறிட்டது.

மாமியார் அவள் தட்டைப் பார்த்தார்.

அவனும் பார்த்தான்.