தலையாட்டும் சத்தம்

"போன்ல பேசற ஆம்பளையக்கூட நம்பலாம். போன்ல தலையாட்டற ஆம்பளைய மட்டும் நம்பாத புள்ள" என்றாள் பக்கத்து வீட்டு தேவிப்ரியா.

சௌந்தர்யாவுக்கு வாசலுக்கும் கொல்லைக்கும் இது ஐந்தாவது நடை.

ஒரு மாதமாக இதே கதைதான். நாமக்கல் லாரிப் பட்டறையிலிருந்து கணவன் தமிழரசு வீட்டுக்கு வந்ததும், ஆறரைக்கு அவன் போன் அடிக்கும். எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவான். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேச மாட்டான். தலையை மட்டும் ஆட்டுவான். ஒத்துக்கொள்ள மேலும் கீழும், இரக்கப்பட இடமும் வலமும், ரெண்டுங்கெட்டானாக ஒரு பக்கச் சாய்ப்பு. நடுநடுவே சிரிப்பு வேறு.

"பேரு என்னன்னு பாத்தியா?"

"பாத்தேன். 'டயர் கடை'ன்னு போட்டிருக்குது. கேட்டா, தொழில் விஷயம்கிறாரு."

"ஸ்டெப்னியோட சேத்தாலும் லாரிக்குப் பதினொரு டயர். அதுக்கு தெனமும் அரை மணி நேரமா?"

"அது கிடக்கட்டும். இவரு இங்க தலையாட்டறது அந்தப் பக்கம் இருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் புள்ள. அந்தளவுக்குப் பழக்கமாயிருக்கும்."

சௌந்தர்யாவின் போன் அடித்தது.

"அம்மா, கையில வேலையா இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன்." வைத்துவிட்டாள். "இளம்பிள்ளை ஊர்லருந்து இவங்க வேற. ஆரம்பிச்சா தறி ஓடற மாதிரிதான், நிறுத்தவே மாட்டாங்க."

உள்ளே தமிழரசின் போன் அடித்தது. செருப்பைக்கூட மாட்டாமல் தொட்டிப் பக்கம் நடந்தான்.

"போ, இன்னிக்கு விடாத" என்றாள் தேவிப்ரியா.

சௌந்தர்யா சத்தமில்லாமல் பின்னால் போனாள். அவன் தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. இரக்கம்! யாருக்கு இவ்வளவு இரக்கம்? ஒரே எட்டில் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். தமிழரசு கையை நீட்டினான். அப்புறம் என்ன நினைத்தானோ, மடக்கிக்கொண்டான்.

"...பதில் சொல்ல வேண்டாங்க மாப்ள, அவ காதுல உழுந்துரும். 'அவரையும் புடிச்சு அறுக்கறயா'ன்னு எம்மேல பாய்வா. நீங்க தலையாட்டறது எனக்கு இங்கிருந்தே தெரியுதுங்க."

அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"இப்பத்தான் அவளைக் கூப்பிட்டேன். கையில வேலையாம். பாவம், அவளுக்கு எத்தன சோலியோ. அப்புறம் கூப்பிடறேன், அப்புறம் கூப்பிடறேன்னு மாசம் ஒண்ணு ஆச்சுங்க. ஏனுங் மாப்ள, இன்னிக்காச்சும் கூப்புடுவாளா?"

சௌந்தர்யா போனைக் காதில் வைத்தபடியே, மேலும் கீழும் தலையை ஆட்டினாள்.