வெட்டக் கூடாத படம்

என் மனைவி சாருமதி வாய்விட்டுச் சிரிக்கும் படம் அது ஒன்றுதான். கிரிக்கெட் மைதானத்தில், பந்தைப் பிடிக்கப் பாய்ந்த ஆட்டக்காரரை ஒரு புகைப்படக்காரர் எடுத்தபோது, பின்னாலிருந்த கூட்டத்தோடு அவளும் படத்தில் பதிந்திருந்தாள். அடுத்த மாதமே இறந்துபோனாள். அவளை மட்டும் பெரிதாக்கித் தரும்படி படத்தின் உரிமை வைத்திருந்த நிறுவனத்திடம் கேட்டேன்.

“பிளேயர வெட்டிட்டுக் குடுக்க லைசென்ஸ் கிடையாது சார். மாட்டினா முழுசா மாட்டுங்க.”

முழுசாகவே மாட்டினேன். முதல் வருட நினைவு நாளில் மாமியார் குங்குமச் சிமிழோடு வந்து நின்றார்.

“யாரு மாப்ளே இந்தத் தடியன்? எம் பொண்ணு எங்க?”

காட்டினேன். தடியனின் அக்குளுக்குக் கீழே மிளகளவு முகம். பொட்டு வைத்தால் முழுக்க மறைந்துவிடும். குங்குமம் தொட்ட விரலைக் கண்ணாடிக்கு அருகில் நிறுத்திக்கொண்டு அவர் என்னையே பார்த்தார்.