மூன்றாம் அத்தியாயத்துக்கு ஆதாரம்

"மூணு வியாபாரியும் கூடிப் பேசுனதை நீ கண்ணால பார்த்தியாம்மா?"

பேராசிரியர் திருமலைசாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஃபஹீமாவின் முனைவர் பட்ட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அரங்கு நிறைய மாணவர்கள். காங்கேயம் பக்கத்துக் கொப்பரை வியாபாரிகள் மூன்று பேர் ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டு, போட்டியே இல்லாமல் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு.

"பார்க்கலைங்க சார். ஆனா ஒருத்தர் வாங்கற ஊருக்குள்ள இன்னொருத்தர் காலே வெக்கறதில்லைங்க."

"அது வெறும் பழக்கமா இருக்கலாம். போட்டிச் சட்டத்துல யூகம் செல்லாது. பேசி வெச்சுக்கிட்டதுக்கு ஆதாரம் வேணும். மூணாவது அத்தியாயத்தைத் திருத்தி, ஆறு மாசம் கழிச்சு வா."

சேலத்திலிருந்து வந்திருந்த இன்னொரு தேர்வாளரும் தலையாட்டினார்.

திங்கட்கிழமை பல்லடத்தில் ஒரு கல்லூரியில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். பட்டம் இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். தன் வழிகாட்டி பாலகோபாலைப் பார்த்தாள். மனிதர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டு வந்து கையெழுத்துப் போட்டுக்கலாமுங்க," என்றார், அதுவும் தேர்வாளர்களிடம்.

பந்திக்கு முந்துவதில் மட்டும் அறிஞர்களுக்குள் கடும் போட்டி. பிரியாணி ஃபஹீமா வீட்டிலிருந்து வந்திருந்தது. பட்டம் வாங்குகிறவர்தான் சோறு போட வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம்.

"அம்மணி, நீயே பரிமாறு," என்றார் பாலகோபால்.

இத்தனை வருஷப் படிப்புக்கு இதுதான் மரியாதையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கரண்டியை எடுத்தாள்.

திருமலைசாமி எலும்பைக் கடித்தபடி சேலத்தாரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, ஈரோட்டுப் பக்கம் வைவா எல்லாம் எனக்கு, சேலத்துப் பக்கம் உங்களுக்குன்னுதானுங்களே பேச்சு? போன மாசம் பவானிக்கு நீங்க போயிருக்கறீங்க."

"தெரியாமப் போயிட்டனுங்க. இனி உங்க எல்லைக்குள்ள வரமாட்டனுங்க."

"வெளியாளு எவனையும் உள்ள உட்றக் கூடாதுங்க. அப்பறம் நமக்கு யாரு கார் அனுப்புவா?"

பரிமாறுகிறவளுக்குக் காது இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

பாலகோபால் தலை நிமிராமல் சாப்பிட்டார். "அம்மணி, சாருக்கு இன்னுங் கொஞ்சம் தால்சா ஊத்து. பக்கத்துலயே நில்லு."

சாப்பிட்டு முடித்து எல்லோரும் அரங்குக்குத் திரும்பினார்கள். திருமலைசாமி பேனாவைத் திறந்தார்.

"கடைசியா ஏதாச்சும் சொல்லணுமாம்மா?"

"ஆதாரம் கிடைச்சிருச்சுங்க சார். எழுத்துல ஒண்ணுமில்லாம, வாய்ப்பேச்சுலயே ஊரைப் பங்கு போட்டுக்கறதை இன்னிக்கு மத்தியானம் என் காதாலயே கேட்டனுங்க. எல்லார்த்துக்கும் முன்னால இப்பவே சொல்லிப்போடட்டுங்களா?"

திருமலைசாமியின் ஏப்பம் பாதியில் நின்றது.

"வேண்டாம்மா. அத்தியாயம் இருக்கறபடியே இருக்கட்டும். யூகமே நல்லா பலமாத்தான் இருக்குது."

கையெழுத்துப் போட்டார். சேலத்தார் அதற்கு முன்பே போட்டிருந்தார்.

கார்கள் கிளம்பிப் போனதும் ஃபஹீமா வழிகாட்டியிடம் வந்தாள்.

"உங்களைத் திட்டிக்கிட்டேதான் பரிமாறுனனுங்க சார். நான் கேக்கோணும்னுதான் அங்க நிக்க வெச்சீங்களா?"

"பின்னே? அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தா இதைத்தான் பேசுவாங்க."

"அது உங்களுக்கு எப்படீங்க சார் தெரியும்?"

பாலகோபால் நிதானமாகப் பல் குத்திக்கொண்டே சொன்னார்:

"திருப்பூர்ப் பக்கம் வைவா எல்லாம் எனக்குத்தானே, அம்மணி."