கைரேகைப் பூட்டு

“இதுல இருக்கிற எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல ஏத்திட்டு, லேப்டாப்பைச் சுத்தமாத் துடைச்சுக் குடுத்துடுங்க,” என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் ஒயரைச் சொருகி லேப்டாப்பைத் திறந்தான். திரையில் பூட்டுப் படம் வந்து நின்றது.

“கைரேகை கேக்குது சார். வைங்க.”

“என் வொய்ஃப் லேப்டாப்புங்க. அவ ரேகைதான் எடுக்கும்.”

“அப்போ மேடத்தைக் கூப்பிடுங்க.”

“கோவிச்சுக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டா. பத்து நாளாச்சு. போனைக்கூட எடுக்க மாட்டேங்கறா. வேற வழியே இல்லையா?”

“பாஸ்வேர்டும் தெரியலன்னா ஒண்ணும் பண்ண முடியாது சார். மேடம் விரல் பட்டாத்தான் உண்டு. அவங்க வந்ததும் சொல்லுங்க, வரேன்.”

வீட்டுக்காரர் மோவாயைத் தடவியபடி யோசித்தார். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அங்கிருந்த பெரிய ஃப்ரீசரின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கச் சற்று நேரமாயிற்று.

“இந்தாங்க, திறந்துடுச்சு.”

மெக்கானிக் குனிந்து பார்த்தான். பூட்டு விலகியிருந்தது. ரேகை வைக்கும் இடத்தில் பொடிப்பொடியாக ஐஸ் ஒட்டியிருந்தது.

“எல்லாம் ஹார்டு டிஸ்க்ல ஏற எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரர் வாசல் கதவைத் தாழிட்டார்.